ஹட்டன் பக்கம் டெலிவரி ஆப்புக்கு அட்ரஸ் தேடுற நொமினேட்டிம் பாவிச்சுப் பார்த்தேன்

முதல்ல காசு கட்டி, அட்ரஸை மேப்புல புள்ளியா மாத்துற ஒரு சர்வீஸ் எடுத்தோம், பேரு வேணாம். "மேல்கணக்கு, அஞ்சாம் லயம்"னு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு அட்ரஸ் குடுத்தா டவுன் நடுவுல கொண்டுபோய் புள்ளி வைக்குது, பையன் மழையில பைக்கோட அங்க நிக்கிறான், கஸ்டமர் மலைக்கு அந்தப்பக்கம்.

அதனால ஓபன் ஸ்ட்ரீட் மேப் டேட்டாவுல ஓடுற நொமினேட்டிமுக்கு மாறினோம். இலவசம், ஆனா பப்ளிக் சர்வர்ல செகண்டுக்கு 1 ரிக்வெஸ்டுக்கு மேல அனுப்பக்கூடாது, டைப் பண்ண பண்ண பேர் காட்டுற வேலைக்கும் தடை, நிறைய வேணும்னா சொந்த சர்வர்ல போட்டுக்கலாம். பிடிச்சது என்னன்னா மேப்புல இல்லாத தோட்டத்து டிவிஷன் பேரை நாமளே சேர்க்கலாம், நாங்க ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து கோயில், கடை, கொழுந்து நிறுக்கிற மடுவம்னு குறிச்சோம்.

ரிவர்ஸ்ல, அதாவது புள்ளியைக் குடுத்து அட்ரஸ் கேக்குறதுல, எதிர்பார்ப்பு வெக்காதீங்க, பக்கத்துல மேப்புல என்ன இருக்கோ அதைத்தான் சொல்லும், லயத்துக்கு நம்பரே இல்லாதப்போ அது மட்டும் என்ன செய்யும் பாவம்!

இன்னொன்னு, மேப் டேட்டாவை எழுதுற ஜியோஜேசன் ஃபார்மட்ல லாங்கிடியூட்தான் முதல்ல வரும், மேப்பைக் காட்டுற லீஃப்லெட் லைப்ரரியில லாட்டிடியூட் முதல்ல. நான் மாத்திப் போட்டு லாட்டிடியூட் 6.9, லாங்கிடியூட் 80.6ல இருக்க வேண்டிய ஹட்டன் ஆர்க்டிக் கடல்ல கெடந்துச்சு, குளிர் என்னமோ ஒண்ணுதான்.

இந்த நம்பர்கள்ல தசமத்துக்குப் பிறகு 4 இலக்கம் இருந்தா சுமார் 11 மீட்டருக்குள்ள வந்துரும், லயத்துக்கு அது போதும். இப்போ கஸ்டமர்கிட்ட வாட்ஸ்அப் லொகேஷனே வாங்கி சேவ் பண்ணிர்றோம், அட்ரஸ் தேடல் டவுன் ஆர்டருக்கு மட்டும். 5க்கு 4 குடுப்பேன்.