ஸ்லீவா, பைபாஸா: அக்காவின் இரைப்பைக்கு எது சரி?

டொக்டர் "பைபாஸ்" என்று சொன்னதை வீட்டில் வந்து சொன்னதும் அம்மா அழத் தொடங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் பைபாஸ் என்றால் இதயம்தான். நெஞ்சைப் பிளந்து, காலில் இருந்து நரம்பெடுத்து வைக்கிற அந்த ஒபரேஷன். இது எடையைக் குறைக்க இரைப்பைக்குச் செய்கிற பைபாஸ், வயிற்றில் நாலைந்து சிறிய துளை போட்டுச் செய்வார்கள், இதயத்தைத் தொடவே மாட்டார்கள் என்று விளங்கப்படுத்தி முடிக்க இரவுச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

அக்கா மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருக்கிறார், ஆசிரியை, வயது 46. உயரம் 158 சென்டிமீற்றர், எடை 112 கிலோ. எடையை மீற்றரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ கிட்டத்தட்ட 45. சீனி வருத்தம் வந்து ஒன்பது வருடம், இன்சுலின் போடத் தொடங்கி இரண்டு வருடம். முழங்கால் வலிக்கு டைக்ளோபெனக் குளிசை. இரவில் நெஞ்செரிவு, அதனால் இரண்டு தலையணை. கடைசி இரண்டையும் நினைவில் வைத்திருங்கள். முழுக் கதையும் அந்தக் குளிசையிலும் தலையணையிலும்தான் இருக்கிறது.

1991இல் அமெரிக்காவில் எழுதிய விதிப்படி பிஎம்ஐ 40க்கு மேல் இருந்தால், அல்லது 35க்கு மேல் இருந்து கூடவே சீனி, பிரஷர் போன்ற வருத்தம் இருந்தால்தான் இந்தச் சத்திரசிகிச்சை. 2022இல் சத்திரசிகிச்சை நிபுணர்களின் இரண்டு பெரிய சங்கங்கள் அதைத் தளர்த்தின. வேறு வருத்தம் இல்லாவிட்டாலும் 35 போதும் என்றன. ஆசிய நாட்டவருக்கு 27.5 என்றார்கள், ஏனென்றால் நம் உடம்புக்குக் குறைந்த எடையிலேயே சீனி வந்துவிடுகிறது. அக்கா எந்தக் கணக்கிலும் உள்ளேதான்.

சிலவற்றை நாங்கள் சீக்கிரமே தள்ளிவிட்டோம். பலூன்: இரைப்பைக்குள் ஊதி வைத்து, பெரும்பாலும் ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள். எடுத்ததும் பழைய பசி திரும்பி வரும். அக்காவின் எடைக்கு அது போதாது. பட்டி: இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி சிலிக்கன் வளையம் ஒன்றைக் கட்டுவது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது பெரிய வரவேற்பு. பிறகு வளையம் நழுவுவதும், இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போவதுமாக, கட்டியவர்களில் பலர் மறுபடி மேசையில் ஏறி அதைக் கழற்ற வேண்டி வந்தது. கொழும்பில் நாங்கள் பார்த்த டொக்டர் அதன் பேரைக்கூட எடுக்கவில்லை. குடலின் பெரும்பகுதியையே தாண்டிவிடும் டியோடினல் சுவிட்ச் எடையை எல்லாவற்றையும்விட அதிகமாகக் குறைக்கும். ஆனால் புரதம் உடம்பில் சரியாகச் சேராது, கொழுப்பு எண்ணெய்ப் பிசுக்காக வெளியே போகும், ஊட்டச்சத்துக் குறைபாடு எப்போதும் பின்னால் நிற்கும். அதுவும் வேண்டாம்.

எடை குறைக்கும் ஊசியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். செமாகுளூடைட் பற்றிய பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. அக்காவுக்கு அது 17 கிலோ. மோசமில்லை. ஆனால் ஊசியை நிறுத்தினால் எடையின் பெரும்பகுதி திரும்பிவிடும். மாதாமாதம் வாங்கிக்கொண்டே இருக்க ஓர் ஆசிரியை சம்பளம் தாங்காது.

ஆக மிஞ்சியது ஸ்லீவும் பைபாஸும்.

ஸ்லீவ் விளங்கிக்கொள்ள இலகு. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழ அளவுக் குழாய். குடலில் கை வைப்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் அதிகம் சுரக்கும் மேற்பகுதி வெட்டுப்பட்ட துண்டோடு போய்விடுவதால், கொஞ்சம் சாப்பிட்டால் வயிறு நிறைவது மட்டுமல்ல, பசியே குறையும். ஒபரேஷன் நேரம் குறைவு, பிறகு சத்துக் குறைபாடும் பைபாஸை விடக் குறைவு. முழங்கால் வலிக்குக் குளிசை போட வேண்டியவர்களுக்கும் இதில் தடை அவ்வளவு இல்லை. ஆனால் எறிந்த இரைப்பை திரும்பி வராது. நீளமான தையல் கோட்டில் எங்காவது கசிந்தால் ஆபத்து, அது பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தெரியவரும். அடுத்தது நெஞ்செரிவு. பையாக இருந்த இரைப்பை ஒடுங்கிய குழாயானதும் உள்ளே அழுத்தம் கூடி, அமிலம் மேலே ஏறுகிறது.

பைபாஸில் வெளியே எதையும் எடுப்பதில்லை. இரைப்பையின் மேல்முனையில் ஒரு முட்டையை விடச் சிறிய பையைப் பிரித்து, அதைக் கீழேயுள்ள சிறுகுடலோடு நேராகப் பொருத்துவார்கள். பழைய இரைப்பை உள்ளேயே சும்மா இருக்கும், அதன் சாறு இன்னொரு பொருத்தின் வழியாகக் கீழே வந்து உணவோடு சேரும். 1966இல் அமெரிக்காவின் ஐயோவாவில் எட்வர்ட் மேசன் தொடங்கிய வேலை இது. இன்றைய வடிவம் பல திருத்தங்களுக்குப் பிறகு வந்தது. இரண்டு பொருத்து இருப்பதால் வேலை கூட. ஆனால் அமிலம் மேலே ஏற வழி குறைவு, நெஞ்செரிவு உள்ளவருக்கு இது வைத்தியமே.

அம்மா இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். "குடலை வெட்டுறாங்களாம், அது பெரிய விசயம். மற்றதில வயித்தைக் கொஞ்சம் சின்னனாக்கிறது மட்டும்தானே?" அவரைப் போலத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் திரும்ப முடியாதது ஸ்லீவ்தான். பைபாஸை, கஷ்டப்பட்டாலும், பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது.

எடை எவ்வளவு குறையும் என்பதில்தான் எல்லோருக்கும் கண். பின்லாந்தில் 240 பேரை இரண்டு பிரிவாக்கி ஒரு பகுதிக்கு ஸ்லீவ், மற்றதற்குப் பைபாஸ் செய்து பத்து வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2022இல் வந்தது. 'மேலதிக எடை' என்பதில் பாதியளவு குறைந்திருந்தது: ஸ்லீவில் 43.5 சதவீதம், பைபாஸில் 50.7 சதவீதம். இதை அக்காவுக்குப் போட்டுப் பார்த்தேன். 158 சென்டிமீற்றருக்கு பிஎம்ஐ 25 என்றால் 62 கிலோ. மேலதிகம் 50 கிலோ. ஸ்லீவில் பத்து வருடம் கழித்து 22 கிலோ குறைந்திருக்கும், பைபாஸில் 25 கிலோ. இடையில் மூன்று, நாலு கிலோ! இதற்காகவா இவ்வளவு வாக்குவாதம் என்று தோன்றியது. சீனி வருத்தம் முற்றாக அடங்கியவர்கள் 26 சதவீதம், 33 சதவீதம். இந்தச் சீனி வித்தியாசம் தற்செயலாக இருக்கக்கூடிய அளவுதான். ஒன்பது வருடச் சீனியும் இன்சுலினும் உள்ள அக்காவுக்கு இரண்டிலுமே முழுக்கக் குணமாகும் வாய்ப்பு மற்றவர்களை விடக் குறைவு. இன்சுலின் அளவு குறைந்தாலே லாபம்.

வித்தியாசம் பெரிதாகக் கண்ணில் பட்ட இடம் உணவுக்குழாய். அதில் புண், அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதத்துக்கு இருந்தது, பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதத்துக்கு. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு அக்காவின் இரண்டு தலையணையைப் பார்த்தேன்.

அக்கரைப்பற்றில் எங்கள் மச்சாள் ஒருத்தி நாலு வருடத்துக்கு முன் இந்தியாவுக்குப் போய் ஸ்லீவ் செய்துகொண்டு வந்தாள். 98 கிலோவில் இருந்து 70க்கு இறங்கி, இப்போது 79. பார்த்தால் நன்றாக இருக்கிறாள், படி ஏறுகிறாள், பழைய சாறி பிளவுஸ் எல்லாம் பிரித்துத் தைத்துவிட்டாள். ஆனால் தினமும் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போடாமல் படுக்க முடியாது. முன்பு அவளுக்கு நெஞ்செரிவே இல்லை. அங்கே அவளுக்கு மினி பைபாஸும் சொன்னார்களாம். 1997இல் ரொபர்ட் ரட்லெஜ் என்ற அமெரிக்க டொக்டர் தொடங்கிய முறை, ஒரே பொருத்து, வேலை சீக்கிரம் முடியும், எடையும் நன்றாகக் குறையும். ஆனால் பித்தம் அந்தச் சிறுபைக்குள் திரும்பி ஏறுவதும் உண்டு. ஏற்கெனவே நெஞ்செரிவு உள்ளவரை அங்கே அனுப்ப எனக்கு மனமில்லை. மச்சாள் விசயத்தில் எனக்குக் கோபம் வேறு. ஊர் திரும்பும்போது என்ன செய்தார்கள், எப்போது என்ன இரத்தப் பரிசோதனை என்று ஒரு பக்கம் ஒழுங்காக எழுதிக் கொடுக்கவில்லை. இங்கே கிளினிக்கில் அவளே வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பைபாஸின் சுமையையும் மறைக்கக் கூடாது. உயிருள்ள வரைக்கும் குளிசை: பி12, இரும்பு, கல்சியம், டி விற்றமின். இரும்பையும் கல்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் ஒன்றை ஒன்று கெடுக்கும், இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். தேத்தண்ணியோடு இரும்புக் குளிசை போட்டால் பாதி வீண். காலையில் கண் விழித்ததும் பிளேன்டீ கேட்கும் வீட்டில் இது சின்ன விசயமில்லை. முதல் வருடம் சில மாதத்துக்கொரு தடவையும், பிறகு வருடாவருடமும் இரத்தம் பார்க்க வேண்டும்.

இனிப்பு இன்னொரு சங்கதி. சீனி கூடிய சாமான் சிறுபையில் தங்காமல் நேராகக் குடலுக்குள் இறங்குவதால் சிலருக்குச் சற்று நேரத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு முறுக்கும். காத்தான்குடி மஸ்கட்டும், பாணி ஊற்றிய எருமைத் தயிரும் அந்தப் பட்டியலில் முதலில். தயிர் மட்டும் என்றால் பிரச்சினை இல்லை, நல்லதுகூட, ஏனென்றால் தினமும் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். அக்காவின் பள்ளிக்கூடத்தில் கூடப் படிப்பிக்கும் காத்தான்குடி டீச்சர் ஒருவர் நோன்பைப் பற்றிக் கேட்டார். தண்ணீரை நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடித்தால்தான் போதிய அளவு உள்ளே போகும் என்பதால், எந்த ஒபரேஷன் என்றாலும் முதல் மாதங்களில் நோன்பு சரிவராது.

எனக்குப் பயம் தந்தது வேறு. குடலைப் பொருத்திய இடத்தில் உண்டாகும் இடைவெளிக்குள் குடல் நழுவி மாட்டிக்கொள்ளலாம், மாதங்கள் அல்ல, வருடங்கள் கழித்தும். திடீரென்று வயிறு பிடித்தால் வாயுவென்று வீட்டில் இருக்கக் கூடாது. ஒபரேஷன் செய்யும் டொக்டர் கொழும்பில், நாங்கள் இங்கே. உதயதேவி ரயிலில் ஏறினால் ஒரு பகல் போய்விடும். ஸ்லீவ் ஆதரவாளர்களின் நல்ல வாதம் இதுதான்: முதலில் ஸ்லீவ், பிரச்சினை வந்தால் பிறகு அதையே பைபாஸாக மாற்றலாமே. மாற்றலாம். ஆனால் அது இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு கொழும்புப் பயணம், இன்னொரு மாதச் சம்பளமில்லா லீவு.

அப்புறம் டைக்ளோபெனக். பைபாஸுக்குப் பிறகு அந்த வகைக் குளிசை பொருத்தில் புண் போடும். ஐபுபுரோபெனும் அதே இனம். புகைத்தாலும் அப்படித்தான். வெற்றிலைக்குள் வைக்கும் புகையிலையையும் சேர்த்துத்தான் டொக்டர் விடச் சொன்னார். ஆக முழங்கால் ஸ்லீவ் பக்கம் இழுத்தது, நெஞ்செரிவு பைபாஸ் பக்கம் இழுத்தது.

வாய் வழியாகக் கமரா விட்டுப் பார்த்ததில்தான் அது முடிவானது. உணவுக்குழாயின் அடியில் புண், இரைப்பையின் ஒரு பகுதி நெஞ்சறைப் பக்கம் ஏறியிருந்தது. பைபாஸுக்குப் பிறகு பழைய இரைப்பைக்குள் சாதாரணமாகக் கமரா போகாது, அதனால் எப்படியும் முதலில் பார்க்க வேண்டியதுதான். நெஞ்செரிவு இல்லாதவராகவும், முழங்காலுக்குத் தினமும் அந்தக் குளிசை போட்டே ஆக வேண்டியவராகவும் அக்கா இருந்திருந்தால் நானே ஸ்லீவ் என்றிருப்பேன். முழங்காலுக்குப் பரசிற்றமோல் இருக்கிறது, இருபது கிலோ இறங்கினால் வலியும் இறங்கும். எரிந்த உணவுக்குழாய்க்கு அப்படி மாற்று இல்லை.

இப்போது அக்கா ஒபரேஷனுக்கு முன் ஈரலைச் சுருக்கும் இரண்டு வாரச் சாப்பாட்டில் இருக்கிறார். சோறு இல்லை, பிட்டு இல்லை, வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். கைப்பையில் வைக்க ஓர் அட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன், எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் முதலில் நீட்டுவதற்கு: என்ன ஒபரேஷன், எந்தக் குளிசை கொடுக்கக் கூடாது, யாருக்கு அழைக்க வேண்டும். அம்மா பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இரைப்பை எண்டு பெரிசா எழுது. கீழே 'இதயம் இல்லை' எண்டும் போடு."

போட்டேன்.