நீரோவின் மூன்று பொற்காசுகள்: நகல் தொகுப்பு எப்படி?

ரோமானியக் காசு நகல்களில் நான் முதலில் பார்ப்பது எழுத்துகளைத்தான். முகத்தை ஓரளவு நன்றாகச் செய்துவிட்டு, சுற்றி ஓடும் லத்தீனில் கோட்டை விட்டுவிடுவார்கள். இந்தத் தொகுப்பில் ஒவ்வோர் எழுத்தும் தெளிவு.

கி.பி. 54-ஆம் ஆண்டுக் காசில், அரியணை ஏறிய புதிதில், நீரோவும் தாய் அக்ரிப்பினாவும் நேருக்கு நேர் பார்க்கிறார்கள். முகப்பில் ஓடும் பெயர் அம்மாவுடையது! பேரரசன் பெயர் பின்பக்கம், ஓக் இலை வளையத்தைச் சுற்றி. அடுத்த ஆண்டுக் காசில் மகன் முகம் முன்னால் வந்துவிடுகிறது. அவள் முகம் அவனுக்குப் பின்னால் ஒரு விளிம்பாக மட்டும் தெரிகிறது. பெயரும் பின்பக்கம், யானைகள் இழுக்கும் தேருக்குப் போய்விட்டது. 59-இல் அவளைக் கொன்றேவிட்டான். இரண்டு காசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மூன்றாவது காசின் பின்பக்கம், இடியாயுதத்தோடு அமர்ந்திருக்கும் ரோமானியக் கடவுள் 'காவலன் ஜூபிடர்'. முன்பக்கம், தடித்த கழுத்து, தாடையோரம் தாடி என்று நீரோ ஆளே மாறியிருக்கிறான்.

சரி, குறை என்ன? எடைதான். 64-இல் நீரோ காசின் எடையைக் குறைத்தான். முதல் காசு சுமார் 7.6 கிராம், அந்தக் குறைப்புக்குப் பிந்தைய கடைசிக் காசு 7.3 கிராம் அளவில் இருக்க வேண்டும். இங்கே மூன்றும் ஒரே எடை, அதுவும் 5 கிராம்தான். அப்புறம், விளிம்பு அச்சுப் பிசகாத வட்டம். சுத்தியலால் கையால் அடித்த காசு அப்படி இருக்காது. ஆனாலும் அந்த முதல் இரண்டு காசுகளுக்காகவே வாங்கலாம்.