ஜே.எல்.8, டைனி டைட்டன்ஸ்: எதைப் படிக்கலாம்?

சூப்பர் ஹீரோக்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக்கிய இரண்டு அமெரிக்கப் படக்கதைகள் இவை. யேல் ஸ்டூவர்ட் 2011-இல் இணையத்தில் 'லிட்டில் லீக்' என்று தொடங்கிய ரசிகர் படைப்பே பின்னர் 'ஜே.எல்.8' ஆனது. 'டைனி டைட்டன்ஸ்' தொடரை, சூப்பர்மேன், பேட்மேன் படக்கதைகளை வெளியிடும் டிசி நிறுவனமே 2008 முதல் 2012 வரை 50 இதழ்களாக அச்சில் வெளியிட்டது. உருவாக்கியவர்கள் ஆர்ட் பால்டஸாரும் ஃபிராங்கோவும்.

சிறு குழந்தைக்கு வாசித்துக் காட்ட டைனி டைட்டன்ஸ்தான். அந்தப் பள்ளியில் தலைமையாசிரியர் வில்லன் டெத்ஸ்ட்ரோக், மதிய உணவு பரிமாறுபவர் டார்க்ஸைட்! உலகை நடுங்கவைக்கும் வில்லன் கரண்டியோடு நிற்பதைப் பார்த்தே குழந்தை சிரித்துவிடும். துணுக்குகளாக நகர்வதால் எந்தப் பக்கத்திலும் தொடங்கலாம். குழந்தைகளுக்கான சிறந்த இதழுக்கான ஐஸ்னர் விருதும் (படக்கதைகளுக்கான அமெரிக்க விருது) கிடைத்தது, தகுதியானதே.

ஆனால் என் மனம் ஜே.எல்.8 பக்கமே சாய்கிறது. இங்கே கிளார்க் (சூப்பர்மேன்), புரூஸ் (பேட்மேன்), டயானா (வொண்டர் வுமன்) எல்லோருக்கும் எட்டு வயது. டயானா மீது கிளார்க்குக்கு ஒரு ஈர்ப்பு. அதைச் சொல்லத் தெரியாத தவிப்பு. புரூஸ் பெற்றோரை இழந்த சிறுவன் என்பதைக் கதை மறப்பதே இல்லை. மற்ற பிள்ளைகள் விளையாடும்போது அவன் முகத்தில் தெரியும் இறுக்கம் வசனமின்றியே நம்மை உலுக்குகிறது. பேட்மேனை இவ்வளவு நெருக்கமாக உணரவைத்த படக்கதைகள் எனக்கு மிகக் குறைவு.

தொடர்கதை என்பதால் முதல் அத்தியாயத்திலிருந்தே படியுங்கள். புதிய பக்கங்களுக்கிடையே நீண்ட இடைவெளி விழும், பொறுமை வேண்டும்.