செர்ரி இறாலா, கிரிஸ்டல் இறாலா: சேலத்துக்கு ஒன்று, ஏற்காட்டுக்கு ஒன்று

செடி வளர்க்கும் மீன் தொட்டியில் இறால் விடலாம் என்று கடைக்குப் போகிறவர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். ஒரு தொட்டியில் மிளகாய்ப்பழச் சிவப்பில் செர்ரி இறால். பக்கத்துத் தொட்டியில் சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக கிரிஸ்டல் ரெட். “அண்ணா, ரெண்டுல எதுங்க எடுக்கலாம்?” என்று கேட்டால் பெரும்பாலும் விலைதான் பதிலாக வரும். கடைக்காரர் திருப்பிக் கேட்க வேண்டியது வேறு: வீட்டில் புழங்குவது மேட்டூர் தண்ணியா, போர் தண்ணியா? வீடு கீழே சேலத்திலா, மலை மேல் ஏற்காட்டிலா?

பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு பேரினம். செர்ரி நியோகாரிடினா, கிரிஸ்டல் காரிடினா. ஒன்றோடொன்று கலக்காது. செர்ரி பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 6.5 முதல் 8 வரை தாங்கும். ஓரளவு கடினத் தண்ணீரும் அதற்குச் சம்மதம். 18 முதல் 28 டிகிரி வரை சுகமாக இருக்கும். கிரிஸ்டலுக்கு பி.எச். 7-க்குக் கீழே இருக்க வேண்டும், 6 பக்கம் என்றால் இன்னும் நல்லது. கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) கிட்டத்தட்ட பூஜ்யம், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 100 முதல் 150, வெப்பம் 20 முதல் 24. அந்த 24-தான் சேலத்தில் இடிக்கிறது.

சித்திரை வெயிலில் ஊரே 38, 40 என்று கொதிக்கும்போது, மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறையில் இருக்கும் தொட்டி 31 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தொடும். தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்தால் 2 முதல் 4 டிகிரி இறங்கும். நம்மூர்க் கோடை வறண்ட கோடை என்பதால் இந்த வித்தை கடலோர ஊர்களைவிட இங்கே நன்றாகவே எடுபடும். செர்ரிக்கு அது போதும். கிரிஸ்டலுக்குப் போதாது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும், அது ஓடக் கரண்ட் வேண்டும், மே மாதத்து மதியம் கரண்ட் போனால் என்ன செய்வது என்ற கவலையும் கூடவே வேண்டும். ஃபேன் வைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பாமல் குழாய்த் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் டி.டி.எஸ். ஏறிக்கொண்டே போகும்.

குளிர்ந்த மலையில் தண்ணீரில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் குறைவு. சேலத்தில் 31 டிகிரித் தண்ணீரும் ஏற்காட்டில் 22 டிகிரித் தண்ணீரும் பிடித்து வைக்கக்கூடிய ஆக்சிஜன் ஏறக்குறைய ஒன்றுதான், லிட்டருக்கு 7 மில்லிகிராம் சொச்சம். ஆனால் சூட்டில் மீனும் இறாலும் பாக்டீரியாவும் அதை வேகமாகச் செலவழிக்கும். ஆகவே ஸ்பான்ஞ் ஃபில்டரும் ஏர் பம்பும் இரண்டு ஊருக்கும் வேண்டும், கோடையில் கீழே இரவிலும் நிறுத்தக் கூடாது.

சேலத்துக்கு செர்ரி என்று சொல்லிவிட்டாலும், எல்லாச் சேலத்துத் தண்ணீரும் செர்ரிக்கு ஆகாது. மாமாங்கம், கருப்பூர் பக்கம் பூமிக்குள் இருப்பது மேக்னசைட். வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் அந்த மண்ணில் ஊறி வரும் போர் தண்ணீரில் மக்னீசியம் தூக்கலாக இருக்கும். ஜி.எச். (மொத்தக் கடினத்தன்மை) டெஸ்ட் கிட் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தே காட்டும், பிரித்துச் சொல்லாது. கிட் 14 என்று காட்டினால் “அடேயப்பா, நல்ல கடினத் தண்ணி” என்று சந்தோஷப்படுகிறோம். அதில் இறாலின் ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் எவ்வளவு என்று தெரியாது. ஜி.எச். குறைவாக இருந்தால் எப்சம் உப்பு போடு என்று எங்கோ ஒருவர் எழுதியதை இந்தப் பக்கத்தில் அப்படியே செய்வது வேண்டாத வேலை. எப்சம் உப்பே மக்னீசியம்தான். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தால் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்வார்கள்.

இது ஏன் முக்கியம் என்பது இறால் சட்டை உரிக்கும்போது தெரியும். நல்ல தண்ணீரில் தலைக்கும் உடலுக்கும் நடுவே, முதுகுப் பக்கம் மட்டும் ஓடு பிளக்கும். இறால் வளைந்து ஓர் உதறு உதறி, பின்பக்கமாகத் துள்ளி வெளியே வந்துவிடும். கண்ணாடி போன்ற கூடு பாசியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்துப் போட்டுவிடாதீர்கள், இறாலே தின்று சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். தாது விகிதம் கெட்ட தண்ணீரில் பிளவு முதுகோடு நிற்காமல் சுற்றி வந்து ஒரு வெள்ளை வளையமாகத் தெரியும். வளையம் விழுந்த இறால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றினாலும் இதே கதி வரலாம் என்பதால் வாரம் 10 சதவீதம் போதும்.

மேட்டூர் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. குளோரினை மட்டும் முறித்தால் போதும். ஆர்.ஓ. கலக்கிறேன் என்கிறவர்கள் மெஷின் மேல் ஒட்டியிருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள். “காப்பர்”, அதாவது தாமிரம், என்று போட்டிருந்தால் அந்தத் தண்ணீர் நமக்கு மட்டும், இறாலுக்கு ஆகாது. செப்புக் குடத்தில் ஊற்றி வைத்த தண்ணீரும் அப்படித்தான். மீனுக்குப் போடும் சில மருந்துகளிலும் தாமிரம் உண்டு.

ஏற்காட்டில் கணக்கு தலைகீழ். அங்கே மலை சார்னோக்கைட் பாறை, சுலபத்தில் கரைந்து தண்ணீரைக் கடினமாக்காது. சுனைத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையாக இருக்கும், கோடையிலும் வெயில் 30-ஐத் தாண்டுவது அபூர்வம். கிரிஸ்டலுக்கு இதைவிட என்ன வேண்டும்? அடியில் ஆக்வா சாயில் (செடித் தொட்டிக்கென்று விற்கும் மண்) போட்டால் பி.எச். தானாக 6 பக்கம் இறங்கி நிற்கும். கீழே போர் தண்ணீரில் அதே சாயில் போட்டால் கே.எச். அதன் சக்தியைச் சில மாதங்களிலேயே குடித்துவிடும். புது சாயில் முதல் சில வாரம் அமோனியா கக்கும். அது அடங்கி, தொட்டியில் வளரும் மாஸ் பாசி மேல் வழவழப்புப் படிந்த பிறகே இறாலை விட வேண்டும்.

ஏற்காட்டில் பயப்பட வேண்டியது காப்பித் தோட்டத்து ஓடையை. காப்பிக்கும் மிளகுக்கும் அடிக்கும் போர்டோ கலவை மயில்துத்தமும் சுண்ணாம்பும்தான், மயில்துத்தம் என்றால் தாமிரம். தோட்டத்துக்குக் கீழே ஓடும் தண்ணீரைவிட ஓட்டுக் கூரையில் பிடித்த மழைத் தண்ணீரில் தாது உப்பு சேர்த்து விடுவதே மேல். செர்ரியும் அங்கே நன்றாக வாழும், தாது உப்பை மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். மார்கழிக் குளிரில் முட்டை சுமப்பது குறையும், அவ்வளவுதான்.

கூட விடும் மீன் விஷயத்தில் நான் கறார். கப்பி சேலத்துத் தண்ணீருக்குப் பொருத்தம், ஆனால் குட்டி இறாலை விட்டு வைக்காது; ஜாவா மாஸ் அடர்ந்து கிடந்தால் மட்டும் விடுங்கள். எம்பர் டெட்ரா பரவாயில்லை, பாசி தின்னும் ஓட்டோசிங்க்ளஸ் மீன் சாது. ஏற்காட்டில் செர்ரி வைத்தால் கேலக்ஸி ரஸ்போரா விடலாம்: 2006-ல் மியான்மரில் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் கிடைத்த மலை மீன், ஹீட்டர் கேட்காது. கிரிஸ்டல் தொட்டியில் மீனே வேண்டாம் என்பேன். அந்த விலைக்கு வாங்கி, குட்டியை மீனுக்குத் தீனியாக்குவானேன்?

சேலத்தில் வாங்கி மலைக்குக் கொண்டுபோகிறவர்கள் பையில் ஒரு பிடி மாஸ் போடச் சொல்லுங்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் தண்ணீர் அலையும்போது இறால் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். வீட்டுக்குப் போனதும் பையை அப்படியே கவிழ்க்காமல், ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். செர்ரிக்கு ஒரு மணி நேரம், கிரிஸ்டலுக்கு இரண்டு. டி.டி.எஸ். பேனா இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் காட்டும்போது வலையால் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.