தமிழ்99 விசைப்பலகை: என் உமணனை மீட்டுத் தந்தது

வாரம் மூன்று அத்தியாயம் எழுதுகிறேன். செவ்வாய், வியாழன், சனி. காதலும் மாயமும் கலந்த தொடர்கதைகள். காலை நாலரைக்கு எழுந்தால், பால்காரர் மணியடிக்கும்வரை நேரம் என்னுடையது. அதற்குப் பிறகு இட்லித் தட்டு, பள்ளிச் சீருடை, காணாமல்போன ஒற்றைக் காலுறை. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் 1,200 சொற்கள் வந்தாக வேண்டும். அதனால் எழுதும் கருவியைப் பற்றி எனக்குக் கறாரான அபிப்பிராயங்கள் உண்டு.

ஆறு ஆண்டுகள் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக மாற்றும் முறையில்தான் எழுதினேன். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறோம். அதை விட்டதற்குக் காரணம் ஒரு காதல் காட்சி.

இப்போது ஓடும் கதையின் நாயகி, குறிஞ்சி நிலத்து அணங்கு. அவள் அழுதால் மழை பெய்யும். நாயகன் உமணன், நெய்தலிலிருந்து வண்டியில் உப்பேற்றி மலைக்கு வருபவன். அவள் கண் கலங்கினால் அவன் பிழைப்பு கரைந்துபோகும். அவன் முதன்முதலாகத் தன் மனத்தைத் திறக்கும் அத்தியாயத்தை, ஊருக்குப் போகும் பஸ்ஸில் கைப்பேசியில் எழுதினேன். நான் தட்டுவதற்கு முன்பே சொல்லை ஊகித்துவிடும் ஒரு செயலி அது. மூன்று இடங்களில் உமணனை உமாநாதன் ஆக்கிவிட்டது. நான் கவனிக்காமல் வெளியிட்டுவிட்டேன். "அக்கா, இந்த உமாநாதன் யார்?" என்று ஒரு வாசகி கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்து வாரமாகக் கட்டி எழுப்பிய தருணம் அது. பழஞ்சொற்களும் நானே உருவாக்கிய பெயர்களும் நிறைந்த கதைக்கு, ஊகிக்கிற கருவி உதவாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அப்படித்தான் தமிழ் எழுத்துகளையே நேரடியாகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினேன். அது புதியதல்ல. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணையம் மாநாட்டை ஒட்டி உருவான அமைப்பு. அதே ஆண்டு தமிழக அரசு அதை ஏற்றுக்கொண்டது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் இருக்கிறது; கைப்பேசியில் செல்லினம் என்ற செயலியில் இருக்கிறது. எனக்கு ஆன ஒரே செலவு விசைகளில் ஒட்டும் எழுத்து ஸ்டிக்கருக்கு 80 ரூபாய்.

உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கையில்; வ, ங தவிர மெய்கள் எல்லாம் வலக்கையில். அதிகம் வரும் க, ப, ம, த, ந, ய ஆறும் விரல்கள் இயல்பாகத் தங்கும் நடு வரிசையிலேயே இருக்கின்றன. இரு கைகளும் மாறி மாறி உழைக்கின்றன. அம்மியில் அரைப்பதுபோல் ஒரு தாளம் வந்துவிடுகிறது. என்னை வியக்க வைத்தது புள்ளி. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழுகிறது. முத்தம் என்று எழுத ம, உ, த, த, ம, புள்ளி: ஆறே தட்டல். மெல்லினத்தை அடுத்து அதன் இன எழுத்து வந்தாலும் அப்படியே. நெஞ்சம், மந்திரம், அன்றில் ஆகியவற்றின் நடுவே நான் புள்ளியைத் தொடுவதே இல்லை. தமிழ்ச் சொல் எப்படிப் புணரும் என்று அறிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

விதி தெரியாவிட்டால் தடுமாறுவோம். என் கதையில் தூது போகும் கிளிக்குத் தத்தை என்று பெயர். முதல் நாள் அதை எழுதவே முடியவில்லை. தொடக்க எழுத்தே புள்ளி வைத்துக்கொண்டு நின்றது. முதல் 'த'வுக்குப் பிறகு 'அ'வைத் தட்டினால் அந்தப் புள்ளி விழாது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பப்பாளிக்கும் இதே வழிதான்.

பழகும் காலம் கொடுமையானது, மறைக்க மாட்டேன். முதல் வாரம் ஒரு காலைப் பொழுதுக்கு 300 சொற்களைத் தாண்டவில்லை. நான்காம் வாரத்தில்தான் பழைய வேகம் திரும்பியது. இப்போது எட்டாவது மாதம், பெரும்பாலான நாள்களில் 1,500 வருகிறது. நான் செய்த தவறு, தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறியது. இரண்டு வியாழக்கிழமைகள் வாசகர்களைக் காக்க வைத்தேன். ஒரு கதையை முடித்துவிட்டு, அடுத்ததைத் தொடங்குமுன் மாறுங்கள்.

குறைகளும் உண்டு. ஜ, ஸ, ஷ, ஹ எல்லாம் ஷிப்ட் விசையோடுதான் வரும். என் எழுத்தில் ராஜகுமாரி மெல்ல இளவரசி ஆனாள், ஜன்னல் சாளரம் ஆயிற்று. கதைக்கு அது பொருந்துகிறது. ஆனால் சமகாலக் காதல் கதை எழுதும் தோழிக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. 'ழ' கீழ் வரிசையின் ஓரத்தில், வலது சுண்டு விரலுக்குக் கிடக்கிறது. மழை, மழை என்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுகிற எனக்கு அந்த விரல் வலிக்கிறது. கைப்பேசியில் விசைகள் நெருக்கமாக இருப்பதால் அங்கே திருத்தம் மட்டும் பார்க்கிறேன், எழுதுவது மடிக்கணினியில்தான்.

இன்னொன்றை எப்படிச் சொல்வது என்று தெரியாமலே சொல்கிறேன். முன்பு காதலன் பேசும் வரியை மனம் தமிழில் கேட்கும், விரல் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டும். இடையில் ஒரு நொடி அறுந்துபோகும். உருக்கமான வசனத்துக்கு அந்த ஒரு நொடி அதிகம். இப்போது ந, ன, ண மூன்றுக்கும் தனித்தனி இடம். ஒலி எழும்போதே விரல் அங்கே போய்விடுகிறது. உமணன் பேசும்போது அவன் குரல் எனக்கு உடையாமல் கேட்கிறது.

அந்தப் பஸ் அத்தியாயத்தை முழுவதுமாகத் திரும்ப எழுதினேன். அவன் வண்டியை நிறுத்திவிட்டு, "அழுகை வந்தால் அழுதுவிடு, உப்புப் போனால் போகட்டும்" என்கிறான். அது முதல் வடிவத்தில் இல்லாத வரி.