சட்டத்தில் குயில்ட் தைக்கும் மெஷின்: நூல் அறுந்தால் திருகைத் தொடாதீர்கள்

குயில்ட் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கு சேர்த்துத் தைக்கும் ரஜாய். அதைத் தைக்கும்போது நூல் அறுந்ததும் கை தானாக நூல் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகுக்குத்தான் போகும். கோத்தகிரியில் மூன்று வருடமாக ஓடும் 12 அடிச் சட்டம் (துணியை விரித்துக் கட்டும் ஃபிரேம்), 18 அங்குலக் கழுத்துள்ள (ஊசிக்கும் பின்னால் உள்ள உடலுக்கும் இடையே அவ்வளவு இடமுள்ள) மெஷின், எம் சைஸ் பாபின் ஆகியவற்றை வைத்துச் சொல்வது இது: அந்தத் திருகைக் கடைசியாகத் தொடுங்கள். கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

முதலில் அறுந்த நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தூரிகை மாதிரி இழை பிரிந்திருந்தால் நூல் ஊசிக் காதில் உரசுகிறது. ஊசி சின்னது, இல்லை தேய்ந்தது. கத்தரியால் வெட்டியது போல இருந்தால் ஹூக்கிலோ (அடியில் சுழன்று மேல்நூல் வளையத்தைப் பிடிக்கும் கொக்கி) ஊசித் தட்டின் துளையிலோ பிசிறு இருக்கிறது. சுருண்டு முறுக்கேறி நின்றால்தான் நூல் இழுபட்டு அறுந்திருக்கிறது. டென்ஷன் பற்றி அப்போது யோசிக்கலாம்.

பிசிறு பெரும்பாலும் ஊசி முறிந்த பிறகு வருவது. பழைய நைலான் சாக்ஸைத் துளையைச் சுற்றி ஓட்டினால் இழை மாட்டும் இடம் தெரிந்துவிடும். 1000 நம்பர் எமரி பேப்பரை மெல்லிய கீற்றாக வெட்டித் துளைக்குள் விட்டு இழுத்தால் சரியாகும். ஹூக் முனையில் மட்டும் இந்த வேலை வேண்டாம். கூர் மழுங்கினால் தையல் தவற ஆரம்பிக்கும்.

மேஜை மெஷினில் துணி நகரும், ஊசி நிற்கும். சட்டத்தில் துணி நிற்க, மெஷின் நாலு பக்கமும் ஓடுகிறது. ஊசி துணிக்குள் இருக்கும்போதே தலை நகர்ந்தால் ஊசி வளைகிறது. அதனால் அதே நூலுக்கு ஒரு சைஸ் பெரிய ஊசி வேண்டும். 120 டிக்கெட் (நூல் தடிமனைச் சொல்லும் எண்) பாலியஸ்டர் நூலுக்கு 134 எம்ஆர் 4.0 ஊசி, அதாவது 100/16 சைஸ், நம்பலாம். 3.5 ஊசி மெல்லிய பஞ்சுக்குப் போதும். ஒட்டுத் துணிகளின் மூட்டுகள் சேரும் தடிப்பில் ஏறினால் தகராறுதான். ஊசியில் நூல் ஓடும் நீளக் காடி முன்பக்கம், காதுக்கு மேலுள்ள பள்ளம் பின்பக்கம் வரவேண்டும். காதில் ஒரு குண்டூசியைச் செருகுங்கள். அது உங்களை நேராகப் பார்த்தால் ஊசி சரியாக நிற்கிறது. எட்டு மணி நேரம் ஓடிய ஊசியைத் தயங்காமல் மாற்றிவிடலாம். ஊசி விலையைப் பார்த்தால் ரஜாயையே பிரித்துத் தைக்க வேண்டிவரும்.

அடுத்தது துணியின் இறுக்கம். மலையில் அதிகம் படுத்துவது இதுதான். தட்டினால் மத்தளம் மாதிரி ஒலிக்கும்படி கட்டினால் ஊசி விலகிப் போகும், நூல் வளையம் சரியாக விழாது, ஹூக் அதைத் தவறவிடும் அல்லது நறுக்கிவிடும். அடியிலிருந்து ஒரு விரலை மேலே தள்ளுங்கள். மூன்று அடுக்குக்கும் மேலிருந்து அந்த விரலை மறு கையால் பிடிக்க முடிய வேண்டும். அதற்கு மேல் இறுக்கம் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாலை கட்டிய துணி காலையில் அதே இறுக்கத்தில் இராது. இரவு ராட்செட்டை (துணி சுற்றிய உருளையைப் பூட்டும் பல்சக்கரம்) ஒரு பல் தளர்த்திவிட்டு, காலையில் விரல் வைத்துப் பார்த்த பிறகு தைக்க உட்காருங்கள்.

பாபின் கேஸை உள்ளங்கையில் படுக்க வைத்து நூலைத் தூக்குங்கள். கேஸ் எழுந்து நிற்க வேண்டும். கையை விட்டு மேலே எழும்பினால் இறுக்கம், படுத்தே இருந்து நூல் மட்டும் ஓடினால் தளர்வு. கேஸில் உள்ள சின்னத் திருகைத் தொடும் முன் அதன் தட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் விசிட்டிங் கார்டின் முனையை விட்டு இழுத்துப் பாருங்கள். மூடுபனி நாட்களில் பஞ்சுத் தூசியும் எண்ணெயும் ஈரமும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி ஒரு பொருக்கு வரும். அது போனாலே பாதிக்குப் பாதி சரியாகிவிடும். பிறகும் தேவைப்பட்டால், கடிகார முள் ஐந்து நிமிடத்துக்கு நகரும் அளவுதான் ஒரு தடவைக்கு அந்தத் திருகைத் திருப்ப வேண்டும்.

மேல் டென்ஷன் இதற்குப் பிறகுதான். அடித்துணியின் ஓரத்தில் ஒரு வட்டம் தைத்து அடியில் பாருங்கள். வளைவில் மட்டும் கண்ணிமை மயிர் போல நூல் வரிசையாக நின்றால் மேல்நூல் தளர்வு, அல்லது வளைவில் கை முந்துகிறது. மேலே பாபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் இறுக்கம். நேர்கோட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்; நேர்கோட்டில் எல்லா மெஷினும் நல்ல பிள்ளைதான்.

ஈரத்தில் நூல் மக்கி அறுகிறது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பருத்தி நூல் ஈரத்தில் வலுக்கூடும். சோதிப்பது தை மாத உறைபனிக் காலம்: காற்று காய்ந்து, பருத்தி நூல் மொறுமொறுவென்று தூசி உதிர்க்கும். அந்த நாட்களில் பாலியஸ்டருக்கு மாறுவது நல்லது. டெய்லர் கடையில் கிடைக்கும் மலிவு நூலை எந்தக் காலத்திலும் இதில் ஏற்றாதீர்கள். அதில் ஆங்காங்கே முடிச்சு இருக்கும்.

மெஷினின் குறை சட்டத்தின் எஃகுத் தண்டவாளம்தான். முதல் மழைக்காலத்திலேயே துருப் புள்ளி வந்தது. சக்கரம் அதில் இடறினால் தையல் நீளம் மாறும், ஊசியும் வெட்டி இழுக்கும். வாரம் ஒரு முறை மெல்ல எண்ணெய்த் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும். ஹூக் டைமிங் (ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரம்) விலகினால் கோவையிலிருந்து மெக்கானிக் ஏறி வரும்வரை வேலை நிற்கும். ஹூக் முனைக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு காகிதத் தாள் கனம்தான் இருக்கலாம் என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, போனில் அவரிடம் சரியாகச் சொல்லுங்கள். பாதிப் பயணம் மிச்சமாகும்.