ஆயில் பிரஷர் கேஜ் கிட்: இன்ஜினை இறக்கச் சொன்னால் முதலில் இதை மாட்டிப் பாருங்கள்

1,40,000 கிலோமீட்டர் ஓடிய டீசல் காரை வாங்கி மூன்றாவது வாரம் அது. நீண்ட ஓட்டத்துக்கு அப்புறம் ஒரு சிக்னலில் நின்றபோது, ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும், ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் அணைந்தது, காலை எடுத்தால் மறுபடி எரிந்தது. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டேன். இந்த விளக்கு சிவப்பில் எரிந்தால் "வீடு வரைக்கும் போய்விடலாம்" என்று நினைக்கவே கூடாது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். முதல் மெக்கானிக் ஆயில் பிரஷர் ஸ்விட்சை (விளக்கைப் போடும் சென்சார்) மாற்றினார், இரண்டு நாளில் விளக்கு திரும்ப வந்தது. இரண்டாவது மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கணும்" என்றார். இருவருமே அனுபவசாலிகள்தான். ஆனால் பிரஷர் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளக்கவில்லை. அதற்காகத்தான் இந்த கிட்டை வாங்கினேன். ஆறு மாதமாக என்னிடம் இருக்கிறது, நண்பர்கள் வண்டிகள் மூன்றிலும் மாட்டிப் பார்த்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் பெட்டிக்குள் உள்ளங்கை அகல மீட்டர் ஒன்று, 0 முதல் 10 பார் வரை (உள்வட்டத்தில் பிஎஸ்ஐயும் உண்டு, 1 பார் என்றால் 14.5 பிஎஸ்ஐ). ஒரு மீட்டருக்குச் சற்று அதிக நீள ரப்பர் ஹோஸ், ஒரு டஜன் பித்தளை அடாப்டர்கள். பெரும்பாலும் ஃபில்டர் ஹவுசிங்கிலோ பிளாக்கிலோ இருக்கும் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் பொருந்துகிற அடாப்டரை மாட்டி, ஹோஸை பெல்ட்டிலும் சைலன்சர் பைப்பிலும் படாமல் வெளியே எடுத்துவந்து மீட்டரோடு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. என் வண்டியில் ஸ்விட்ச் இருந்த இடுக்கில் கையை நுழைக்கவே முக்கால் மணி நேரம் ஆனது, அது கிட்டின் குற்றமில்லை.

அடாப்டர் விஷயத்தில் மட்டும் மிகவும் கவனம். 10 மி.மீ. மெட்ரிக் மரையான எம்10உம், எட்டில் ஒரு அங்குல பைப் மரைகளான பிஎஸ்பி (பிரிட்டிஷ்), என்பிடி (அமெரிக்க) இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பிஎஸ்பியில் அங்குலத்துக்கு 28 புரி, என்பிடியில் 27, போதாததற்கு என்பிடி கூம்பு வடிவம். இரண்டு சுற்று சுலபமாக ஏறும், மூன்றாவதில் இறுகும். அங்கே ஸ்பேனர் போட்டு அழுத்தினால் அலுமினிய ஹவுசிங்கின் மரை போய்விடும். கழற்றிய ஸ்விட்சின் மரையையும் அடாப்டரின் மரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடைவெளி தெரியாமல் பற்கள் பொருந்தினால்தான் சரியான ஜோடி. இந்த கிட்டில் அடாப்டர்களின் மேல் அளவே அடிக்கவில்லை, அது பெரிய குறை.

இனி அளவுக்கு வருகிறேன். குளிர்ந்த இன்ஜினில் முள் 4 பாருக்கு மேல் ஏறி நின்றது, பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அதை நம்பக் கூடாது, குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த இன்ஜின்கூட நல்ல அளவு காட்டும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்தாலும் போதாது, கூலண்டை விட ஆயில் தாமதமாகத்தான் சூடாகும். 20 நிமிடமாவது ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது) 0.4 பார். என் வண்டியின் ஸ்விட்ச் அரை பார் அளவில் விளக்கைப் போடுகிற ரகம். அப்படியென்றால் விளக்கு பொய் சொல்லவில்லை, நல்ல ஸ்விட்சைத்தான் முதலில் மாற்றியிருக்கிறோம்.

டிப்ஸ்டிக்கை எடுத்தேன். ஆயில் குறையவில்லை, மேல் கோட்டையும் தாண்டி விரற்கடை அளவு அதிகமாக இருந்தது. விரலில் தேய்த்தால் வழவழப்பே இல்லை, டீசல் வாடை அடித்தது. முன்பு வைத்திருந்தவர் குட்டிக் குட்டி ஓட்டமாகவே ஓட்டியிருக்க வேண்டும். டிபிஎஃப்பை (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சுத்தப்படுத்த இன்ஜின் கூடுதலாக டீசலைத் தெளிக்கும்; பாதியில் இன்ஜினை அணைத்துக்கொண்டே இருந்தால் அந்த டீசல் பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துவிடுகிறது. ஆயில் நீர்த்துப்போனால் பிரஷர் எங்கிருந்து நிற்கும்?

ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு கேஜை மறுபடி மாட்டினேன். சூட்டில் ஐடில் 0.8, 2000 ஆர்பிஎம்மில் 1.9. விளக்கு அணைந்துவிட்டது. கேஜ் கையில் இல்லாவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று ஓட்டிக்கொண்டே இருந்திருப்பேன். ஆனால் என் இன்ஜினின் சர்வீஸ் மேனுவல் 80 டிகிரி சூட்டில், 2000 ஆர்பிஎம்மில் குறைந்தது 2 பார் கேட்கிறது. இன்னொன்று, 3000க்கு ஏற்றியபோது முள் ஏறுவதற்குப் பதில் நடுங்கிக்கொண்டே 1.7க்கு இறங்கியது. இதைப் பார்த்துத்தான் எனக்கு உயிர் வந்தது. பேரிங் தேய்ந்திருந்தால் ஐடிலில் குறைவாக இருந்தாலும் வேகம் கூடக் கூட ஓரளவு ஏறத்தான் வேண்டும். வேகம் கூடும்போது விழுகிறது என்றால் பம்ப் உறிஞ்ச ஆயில் கிடைக்கவில்லை, உறிஞ்சுகிற பக்கம் அடைப்பு இருக்கலாம்.

சம்ப்பை (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறக்கினோம். பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையில் பாதிக்கு மேல் கருப்புக் கரி, விரல் நகத்தால் சுரண்டினால் ஓடு ஓடாக உதிர்ந்தது. ஹெட்டைப் பார்த்தால் ஒரு இன்ஜெக்டரைச் சுற்றி தார் போல இறுகிக் கிடந்தது. அதன் அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிந்து, எரிந்த வாயு ஆயிலைக் கரியாக்கியிருக்கிறது. அந்த வாஷரை மாற்றாமல் வலையை மட்டும் கழுவினால் சில மாதத்தில் மறுபடி அடைக்கும், அதனால் நான்கு இன்ஜெக்டர்களின் வாஷரையும் மாற்றினோம், உறிஞ்சும் குழாயின் ஓ ரிங்கையும் சேர்த்து. பிறகு சூட்டில் ஐடில் 1.3, 2000ல் 2.8, 3000ல் 3.6. இன்ஜின் இறங்கவே இல்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மீட்டரின் முகப்பில் சின்னதாக 2.5 என்று போட்டிருக்கிறது, அதாவது முழு அளவில் இரண்டரை சதவீதம் பிழை இருக்கலாம். 10 பார் மீட்டருக்கு அது கால் பார். 4 பார் அளக்கும்போது பரவாயில்லை, ஐடிலில் 0.8ஆ 1ஆ என்று பார்க்கும்போது கால் பார் பெரிய விஷயம். 0 முதல் 7 வரையுள்ள, பிழை குறைந்த மீட்டர் கிடைத்தால் அதை வாங்குங்கள். அடாப்டருக்கு அடியில் போடும் செம்பு வாஷர் ஒன்றுகூட கிட்டில் இல்லை. ஹோஸ் விறைப்பாக இருக்கிறது, கப்ளரில் சூடான ஆயில் துளித்துளியாகக் கசிகிறது, துணி சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் தேவைக்கேற்ப அளவை மாற்றும் பம்ப் இருக்கிற புதிய இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் வேண்டுமென்றே பிரஷரைக் குறைத்து வைத்திருப்பார்கள். அந்த வண்டிகளில் மேனுவல் அளவு தெரியாமல் இந்த மீட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பழைய டீசல் கார் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள், அந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். பல வண்டிகளில் ஸ்விட்ச் வயரைக் கழற்றிவிட்டாலே விளக்கு எப்போதும் எரியாது. கெட்டி ஆயிலை ஊற்றி விளக்கை அடக்கி வைக்கிறவர்களும் உண்டு. விற்கிறவர் சம்மதித்தால், நன்றாகச் சூடான பிறகு கேஜை மாட்டி அளந்து பாருங்கள், அந்த நேரத்துக்கு மதிப்பு உண்டு.

பெட்டியின் மூடிக்குள் ஒரு தாள் ஒட்டி, ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின் போதும் சூட்டில் வந்த அளவை எழுதிக்கொண்டு வருகிறேன். கடைசியாக எழுதியது ஐடில் 1.2, 2000ல் 2.7. பித்தளை எம்10 அடாப்டரின் முதல் புரி மழுங்க ஆரம்பித்திருக்கிறது, அதற்கு மட்டும் ஸ்டீலில் ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன்.